கடித்து விடும்போது சுரீரென்றால்

பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் சொல்லும் புகார்களில் அவரையே அதிகம் சுற்றலில் விடுவது இதுதான்: "எந்தப் பல்லுன்னு தெரியல டாக்டர். இந்தப் பக்கம் மெல்ல முடியல. எப்பவும் வலிக்காது. எதையாவது கடிச்சு வாயைத் திறக்கிற நேரத்துல சுரீர்னு ஒரு வெட்டு. அப்புறம் ஒண்ணுமே இல்ல." எக்ஸ்ரே எடுத்தால் பல் சுத்தமாக இருக்கும். சொத்தை இல்லை, வீக்கம் இல்லை. கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து இட்லி சாப்பிடும்போது அந்தப் பல்லில் ஒரு துண்டு கையோடு வரும். "இட்லிக்கு உடையுமா பல்லு?" என்பார்கள். உடையாது. விரிசல் முன்பே விட்டிருந்தது. இட்லி நேரத்தில் துண்டு கழன்றது, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லைக்கு 1964-இல் கேமரன் என்ற பல் மருத்துவர் 'கிராக்டு டூத் சிண்ட்ரோம்', அதாவது விரிசல் பல் நோய்க்குறி, என்று பெயர் வைத்தார். பெயர் வந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் கண்டுபிடிப்பது இன்னும் சிரமமாகவே இருக்கிறது. காரணம் வலியின் சுபாவம்.

கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் மயிரிழை அளவு விலகுகின்றன. கடியை விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம். அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. விரிசல் மூடும் வேகத்தில் அந்தத் திரவம் குப்பென்று நகர, உள்ளே இருக்கும் நரம்பு நுனிகள் அதை வலியாக உணர்கின்றன. அதனால்தான் அழுத்தும்போது இருப்பதைவிட விடும்போது வலி கூர்மையாக இருக்கிறது. சொத்தைப் பல் இப்படி நடந்துகொள்ளாது. இந்த ஒரு அறிகுறியை நோயாளி தெளிவாகச் சொல்லிவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தப் பல் என்று காட்ட முடியாததற்கும் காரணம் உண்டு. பல்லுக்குள் இருக்கும் நரம்பு வலியைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இடத்தைச் சொல்வது வேரைச் சுற்றி எலும்போடு பிணைத்திருக்கும் தசைநார். விரிசல் அதுவரை போகாத வரைக்கும் "கீழேயா மேலேயா" என்பதுகூட சிலருக்குத் தெரியாது. காதுவலி என்று காது டாக்டரிடம் போய்வந்தவர்களும் உண்டு.

ஏன் விரிகிறது

எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கடினமானது என்பதால் வளைந்து கொடுக்காது. தாங்கிப் பிடிப்பது அடியில் இருக்கும் டென்டின்தான். எலும்பு முறிந்தால் மறுபடி ஒன்றுசேரும், ஏனென்றால் அதில் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமலை உருவாக்கிய அணுக்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. ஆகவே பல்லில் விழுந்த விரிசல் ஒருபோதும் தானாக ஒன்றுசேராது. வலி நின்றுவிட்டது என்றால் விரிசல் ஆறிவிட்டது என்று பொருள் இல்லை. நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும்.

சாதாரணமாக மெல்லும்போது கடைவாய்ப் பல்லில் 7 முதல் 15 கிலோ வரை எடை இறங்குகிறது. பலம் கொண்ட மட்டும் கடித்தால் 50, 70 கிலோவைத் தொடும். சோற்றில் கிடக்கும் கல் ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது என்றால், தாடை மெத்தென்ற பொருளை எதிர்பார்த்து வேகமாக மூடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கல் சிக்கும்போது முழு விசையும் குண்டூசித் தலையளவு இடத்தில் இறங்கிவிடுகிறது. மூளை தாடையை நிறுத்தச் சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். கொட்டைப்பாக்கு, நல்லி எலும்பு, பொருள்விளங்கா உருண்டை, கரும்புக் கணு, ஐஸ்கட்டி, பல்லால் திறக்கும் சோடா மூடி, இவையெல்லாம் வழக்கமான குற்றவாளிகள். தினம் பாக்கு மெல்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மெல்லும் பரப்பில் மேடாக எழும் முகடுகள் தேய்ந்து பல் தட்டையாகிவிட்டிருக்கும், அதன் ஓரங்களில் எனாமல் அடியில் ஆதாரம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து சில்லு சில்லாகப் பெயரும்.

ஆனால் உணவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதே பொருள்விளங்கா உருண்டையை வீட்டில் எல்லோரும்தான் கடித்தார்கள். ஒருவருக்கு மட்டும் விரிசல் விடுகிறது என்றால் அந்தப் பல் முன்பே பலவீனமாகியிருக்க வேண்டும். பலவீனமாக்கியது பெரும்பாலும் பழைய அடைப்பு, அதாவது ஃபில்லிங்.

கடைவாய்ப் பல்லில், அடுத்த பல்லை ஒட்டிய பக்கங்களில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு மேடான விளிம்புகள் இருக்கின்றன. கன்னப் பக்கச் சுவரையும் நாக்குப் பக்கச் சுவரையும் விலகாமல் பிடித்து வைத்திருப்பவை இவையே. இரண்டு பற்களுக்கு இடையில் சொத்தை விழுந்து அதைச் சுரண்டி எடுக்கும்போது இந்த விளிம்பு போய்விடுகிறது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. பல்லின் மேற்பரப்பில் மட்டும் குழி எடுத்தால் முகடுகளின் விறைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. முன், பின் இரு விளிம்புகளையும் வெட்டினால் 63 சதவீதம் குறைகிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கேனலுக்காக நரம்பறையைத் திறப்பதால் குறைவதோ வெறும் 5 சதவீதம். "நரம்பை எடுத்தால் பல் காய்ந்து உடைந்துவிடும்" என்று ஊரில் சொல்கிறார்களே, அதில் உண்மை குறைவு. உடைவது நரம்பு போனதால் அல்ல, அந்த அளவுக்குச் சொத்தை அரித்து சுவர் போனதால். அத்தோடு பழைய சில்வர் ஃபில்லிங் பல்லோடு ஒட்டாது, குழியில் சிக்கி நிற்கும். சூட்டில் பல்லைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். காபி, ஐஸ்க்ரீம், மறுபடி காபி என்று பதினைந்து இருபது ஆண்டுகள் போனால் உள்ளேயிருந்தே சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதிகம் விரிவது கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள். மேல் கடைவாய்ப் பல்லின் அண்ணப் பக்க முகடு, உரலில் உலக்கை மாதிரி, கீழ்ப்பல்லின் நடுக்குழியில் நேராக இறங்குகிறது. அதனால் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. மேல்வரிசையில் முன்கடைவாய்ப் பற்களும் அடிக்கடி மாட்டும். வயது 30-லிருந்து 60 வரை.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் தனி ரகம். அவர்களுக்கு எந்தப் பாக்கும் தேவையில்லை. காலையில் எழுந்ததும் தாடை அசதி, நெற்றிப்பொட்டில் தலைவலி, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உள்ளே வெள்ளைக் கோடு, இவற்றில் இரண்டு இருந்தாலே சந்தேகப்படலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், இரவில் குடி, அளவுக்கு மீறிய காபி, சிகரெட், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் இவை இந்தப் பழக்கத்தைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டு கட்டாமல் விட்டவர்கள் மறுபக்கத்திலேயே மென்று மென்று அங்கே விரிசலை வரவழைத்துக்கொள்வதும் சகஜம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

எக்ஸ்ரேயில் ஏன் தெரிவதில்லை என்று கோபப்படுகிறவர்கள் அநேகம். கதிர் கன்னப் பக்கமிருந்து நாக்குப் பக்கம் போகிறது. விரிசலோ முன்னும் பின்னுமாக ஓடுகிறது. கதிர் விரிசலின் அகன்ற முகத்தில் மோதுகிறதே தவிர அதன் இடுக்கு வழியாகப் போவதில்லை. கோடு விழ வழியே இல்லை. முப்பரிமாண ஸ்கேனான கோன் பீம் சிடியும் பெரிதாக உதவாது. விரிசல் அதன் பார்வைக்கு எட்டாத அளவு மெல்லியது. பக்கத்தில் பல்லை உறைபோல மூடும் உலோகக் கேப் இருந்தால் அதன் நிழலே பொய்யான கோடுகளைப் போடும். எலும்பு கரைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் பயன்படும். "ஸ்கேன்ல தெரியல, அதனால விரிசல் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையில் உதவுவது நான்கைந்து எளிய சோதனைகள். முதலாவது கடி சோதனை. சிறிய பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று, அதன் நுனி கூம்பு வடிவில் இருக்கும். அந்தக் கூம்பை ஒரே ஒரு முகட்டின் மேல் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மெதுவாக அழுத்தி, சில விநாடி நிறுத்தி, பட்டென்று விடச் சொல்வார்கள். பிறகு அடுத்த முகடு. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு நான்கைந்து தடவை ஆகும். பொறுமை வேண்டிய வேலை. குறிப்பிட்ட ஒரு முகட்டில் மட்டும், விடும் கணத்தில் நீங்கள் துள்ளினால் பல் மட்டுமல்ல, பல்லின் எந்த மூலை என்பதே தெரிந்துவிடும். பஞ்சுச் சுருளை வைத்துக் கடிக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அது எல்லா முகடுகளிலும் ஒரேயடியாகப் பரவுவதால் துல்லியம் குறைவு.

அடுத்தது வெளிச்சம். அறை விளக்கை அணைத்து, பல்லைக் காயவைத்து, பக்கவாட்டில் நுண்ணிய ஒளியைப் பாய்ச்சுவார்கள். எனாமலில் மட்டும் இருக்கும் மேலோட்டமான கோடு என்றால் வெளிச்சம் அதைத் தாண்டிப் பல் முழுக்கப் பரவும். டென்டின் வரை போன விரிசல் என்றால் வெளிச்சம் அந்த இடத்தில் வெட்டி நிறுத்தியது போல நின்று, அந்தப்புறம் இருட்டாகிவிடும். கண்ணாடியில் வெறுங்கண்ணால் தெரியும் கோடுகளைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு சோதனையே பதில். நாற்பது வயதைத் தாண்டிய முன்பற்களில் மேலோட்டக் கோடுகள் பெரும்பாலோருக்கு உண்டு. அவற்றுக்கு எந்த சிகிச்சையும் வேண்டாம்.

குளிர் சோதனையில் பல் எவ்வளவு நேரம் கூசுகிறது என்று பார்க்கிறார்கள். குளிரை எடுத்ததும் சில விநாடியில் அடங்கினால் நரம்பு காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் நின்று குடைந்தால் இல்லை. பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலை விட்டுச் சுற்றிவர ஆழம் பார்ப்பார்கள். எல்லாப் பக்கமும் 2, 3 மில்லிமீட்டர் இருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று 7, 8 என்று இறங்கினால் அது கெட்ட செய்தி: விரிசல் வேர் வழியாக எலும்பு வரை போயிருக்கலாம். கேப் போடப் பணம் கட்டும் முன் இந்த அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, பழைய அடைப்பை எடுத்துவிட்டு உள்ளே பார்ப்பது. நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினால் விரிசலில் மட்டும் நீலம் தங்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்று தெரியும். எங்கே *முடிகிறது* என்பது பல சமயம் அப்போதும் தெரியாது. இதனால்தான் நேர்மையான மருத்துவர் இந்தப் பல்லுக்கு உத்தரவாதம் தர மாட்டார்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

மறுபக்கம் மெல்லுங்கள். "இன்னும் வலிக்குதா" என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள்; ஒவ்வொரு தடவையும் விரிசல் கொஞ்சம் முன்னேறும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது போன்றவை இல்லாவிட்டால், பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு ஐப்யூபுரூஃபன் 400 மில்லிகிராம் எடுக்கலாம். அது ஆகாதவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரினை ஈறில் அடக்கி வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். கிராம்புத் தைலமும் அப்படித்தான், ஈறில் பட்டால் புண்ணாகும். அதிலுள்ள யூஜெனால் பின்னால் போடப்போகும் பல்நிற அடைப்பு இறுகுவதைக் கெடுக்கக்கூடும் என்பதால் தைலம் வைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையில் "பல்வலி" என்றதும் நீட்டும் ஆன்டிபயாட்டிக் இதற்குச் சுத்தமாக வேலை செய்யாது. விரிசல் வலி கிருமியால் வந்த சீழ் வலி இல்லை. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கதை வேறு. அப்போது அன்றைக்கே போக வேண்டும்.

சிகிச்சை

விரிசலை ஒட்ட முடியாது. சிமெண்ட் வைத்து அடைக்கவும் முடியாது. அதன் அகலம் மயிரிழையைவிடக் குறைவு. செய்ய முடிந்தது ஒன்றுதான்: கடிக்கும்போது இரு பக்கமும் விலகாமல் வெளியிலிருந்து பிடித்து வைப்பது. எல்லா சிகிச்சையும் இதையொட்டியே அமைகிறது. அதனால் "மேலே கொஞ்சம் ஃபில்லிங் மட்டும் போட்டு விடுங்களேன்" என்று கேட்பது பணத்தை வீணாக்கும் வழி. முகடுகளை மூடாத அடைப்பு சுவர்களைப் பிடிக்காது.

முகடு மட்டும் உடைந்து விழுந்திருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். விரிசல் தன் போக்கில் ஈறுக்குப் பக்கத்தில் வெளியேறிவிட்டது, நரம்பைத் தொடவில்லை. மிச்சத்தைச் சீர்செய்து, முகடுகளை மட்டும் மூடும் ஒன்லே அல்லது கேப் போட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

பல் இன்னும் ஒன்றாக இருந்து நடுவில் விரிசல் ஓடினால் வேலை படிப்படியாக நடக்க வேண்டும். முதலில் பழைய அடைப்பை எடுத்து, விரிசலைப் பார்த்து, தற்காலிக அடைப்பு வைத்து, பல்லைச் சுற்றி ஸ்டீல் வளையம் ஒன்றைச் சிமெண்டால் ஒட்டுவார்கள். பல் வரிசை திருத்தக் கம்பி போடும்போது கடைவாய்ப் பல்லில் மாட்டுகிறார்களே, அதே வளையம். எதிர்ப்பல் இடிக்காமல் மேலே லேசாகத் தேய்த்தும் விடுவார்கள். இரண்டு மூன்று வாரம் இப்படியே. வலி நின்றால் பல் சரியாகத்தான் அடையாளம் காணப்பட்டது என்று தெரியும், நரம்பும் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிறகு கேப். இந்த வளையக் கட்டத்தைத் தாண்டி நேரே கேப்புக்குத் தாவுகிறவர்கள் நிறைய. நாள் மிச்சம், உண்மைதான். ஆனால் தவறான பல்லுக்குக் கேப் போட்டுவிட்டு வலி அப்படியே இருப்பதைவிட மூன்று வாரம் காத்திருப்பது மலிவு.

கேப்புக்காக மேலே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்ப்பார்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு, அதுவும் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால், முழு உலோகம் அல்லது மேலே பீங்கான் பூசாத ஒற்றை ஜிர்கோனியா (பல்நிறத்தில் இருக்கும் உறுதியான பொருள்) போதும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது அங்கே சில்லு பெயரும். யாரும் பார்க்காத பல்லுக்கு அழகைத் தேடிச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கேப் போட்டால் நரம்பு நிச்சயம் தப்பிவிடுமா? 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பு காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்த 127 விரிசல் பற்களுக்குக் கேப் போட்டார்கள். அவற்றில் 27 பற்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரூட் கேனல் தேவைப்பட்டது. ஐந்தில் ஒன்று. முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் ரூட் கேனல் செய்துவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். மற்ற நான்கு பேரின் நல்ல நரம்பை எதற்குக் கொல்ல வேண்டும்?

இரவில் தானாகக் கிளம்பும் வலி, குளிருக்கு அரை நிமிடத்துக்கு மேல் குடையும் வலி என்றால் ரூட் கேனல்தான். நரம்பறையைத் திறந்ததும் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் தரையை. விரிசல் தரையைக் குறுக்கே கடந்து போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு பல்லை எடுத்துவிடுவது மேல். மேற்கொண்டு ரூட் கேனல், கேப் என்று செலவழித்தால் பெரும்பாலும் பல்லோடு சேர்ந்து பணமும் போகும். தரை சுத்தமாக இருந்தால் முடித்து, தாமதிக்காமல் கேப் போட வேண்டும். வலி நின்றதும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கேப்பைத் தள்ளிப்போடுவதுதான் நம் ஊரில் பல் பிளப்பதற்கு முக்கியக் காரணம். ரூட் கேனல் செய்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஏறக்குறைய 6 மடங்கு வேகமாக இழக்கப்படுகின்றன என்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டாகப் பிளந்து துண்டுகள் தனித்தனியாக ஆடினால் எடுப்பதைத் தவிர வேறில்லை. வேரில் நெடுக்காக விழும் விரிசல் வேறொரு பிரச்சினை. முன்பே ரூட் கேனல் செய்த பல்லில், பல ஆண்டுகள் கழித்து, ஈறில் சின்னக் கொப்புளமும் லேசான சீழுமாக வரும். வலி அதிகம் இருக்காது. மறுபடி ரூட் கேனல் செய்தால் சரியாகாது. பல வேர் உள்ள கடைவாய்ப் பல்லில் கெட்ட வேரை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுவது எப்போதாவது முடியும். ஒற்றை வேர்ப் பல் என்றால் எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட்டோ பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ.

பைக்கிலிருந்து விழுந்து முன்பல் உடைவது இந்தக் கட்டுரையின் விஷயம் இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோனால் பல சமயம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். முழுப்பல்லும் வேரோடு வந்துவிட்டால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு. பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

கேப் போட்ட பிறகு

ஒட்டும் நாளில் வண்ணத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாயால் சரியாகக் கடிக்க வராது. அதனால் உணர்வு வந்தபின் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவது போலிருந்தால் மறுநாளே போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள். தாள் தடிமன் அளவு உயரம்கூட விரிசல் பல்லுக்கு அதிகம். கடிக்கும் வலி ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். குளிர்க் கூச்சம் கொஞ்சம் நீடிக்கலாம். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று குளிர் சோதனையும் ஈறு ஆழமும் பார்த்துவிடுவது முறை. இடையில் ரூட் கேனல் தேவைப்பட்டால் கேப்பைக் கழற்ற வேண்டியதில்லை, அதன் மேலேயே துளையிட்டுச் செய்து அடைத்துவிடலாம். முன்கூட்டியே இதைப் பேசி வைத்துக்கொண்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

பல் கடிக்கிறவர்களுக்கு இரவு உறை கட்டாயம். கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற ரப்பர் உறை வேண்டாம். அது மெல்லும் உணர்வைக் கொடுத்துச் சிலருக்குக் கடிப்பதைக் கூட்டிவிடுகிறது. அளவெடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், பெரும்பாலும் மேல்வரிசைக்கு. அளவெடுப்பது கேப் ஒட்டிய பிறகுதான். முன்பே செய்து வைத்திருந்தால் பல்லின் வடிவம் மாறிவிட்டதால் அது உட்காராது, புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.